ஸ்டெம் செல் வைத்தால் ஈறும் எலும்பும் திரும்ப வளருமா? அந்தச் செல்லை வளர்த்துப் பார்த்த அனுபவத்திலிருந்து

ஈறு இறங்கி, பல் ஆட ஆரம்பித்தவர்கள் இப்போதெல்லாம் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்ததும் ஸ்கேலிங் பற்றிக் கேட்பதில்லை. நேராக, "ஸ்டெம் செல் வச்சா பழையபடி வந்துருமாமே டாக்டர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். யூடியூபில் பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் வெளியூரில் இருக்கிற மகனோ மருமகளோ வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள். நான் திண்டுக்கல்லில் ஈறு சிகிச்சை மட்டும் பார்க்கிற பல் மருத்துவர். எம்.டி.எஸ். படிக்கும்போது ஆய்வுக்காக இந்தச் செல்களைக் கையால் சுரண்டி எடுத்து பிளாஸ்க்கில் வளர்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு நகர மனசு வருவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் அரை மணி நேரம் பேசவும் முடியாது, வெளியே ஆள் காத்திருப்பார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டெம் செல் என்றால், தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல். முதலில் அந்தச் செல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல் எலும்புக்குள் நேரடியாகப் புதைந்து நிற்பதில்லை. வேரின் மேல் சிமென்டம் என்று ஒரு மெல்லிய பூச்சு, அதற்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப் படலம். அதை லிகமென்ட் என்போம். கடிக்கும்போது பல் லேசாக அமுங்கிக் கொடுப்பது, சோற்றில் கிடக்கும் கல்லைக் கடித்தவுடனே நாம் நிறுத்திவிடுவது, எல்லாம் அந்தப் படலத்தின் உபயம். ஈறு நோயில் போவது இந்த மூன்றும் சேர்ந்துதான், அதனால் திரும்ப வர வேண்டுமானாலும் மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். எலும்பு மட்டும் வளர்ந்து நடுவில் நார் இல்லாவிட்டால் அது பழைய பல் ஆகாது.

2004இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் சொங்டாவோ ஷி குழுவினர் இந்த நார்ப் படலத்துக்குள் ஸ்டெம் செல்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். மனிதப் பல்லிலிருந்து எடுத்து எலிகளுக்குள் வைத்தபோது சிமென்டமும் நாரும் போன்ற அமைப்பு உருவானது. அதற்கு முன்பே, 2000இல், பல்லுக்குள் இருக்கும் கூழிலும் அதே வட்டாரத்து ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நான் படிக்கப் போன காலத்தில் பெரியோ, அதாவது ஈறு சிகிச்சை டிபார்ட்மென்டில் யாரைப் பார்த்தாலும் இந்தப் பேச்சுதான்.

எங்களுக்குப் பல் கிடைத்தது கிளிப் போட வரும் பிள்ளைகளிடமிருந்து. இடம் பண்ணுவதற்காக முன்கடைவாய்ப்பல்லை எடுப்பார்கள் இல்லையா, சொத்தையே இல்லாத நல்ல பல், அது எங்களுக்குப் புதையல். எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் கலந்த திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு ஓட வேண்டும். கிருமி படாமல் வேலை செய்வதற்கான ஹூடு என்ற கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வேரின் நடுப்பகுதியை மட்டும் பிளேடால் சுரண்ட வேண்டும். கொஞ்சம் மேலே போனால் ஈறுத் திசு கலந்துவிடும், நுனிக்குப் போனால் பல்கூழ் கலந்துவிடும். சுரண்டினால் வெள்ளையாக, ஈரமாக, பிசிறு பிசிறாக வரும். ஒரு பல்லிலிருந்து வருவதை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு கடுகளவுதான் தேறும். அதை கொலாஜனேஸ், டிஸ்பேஸ் என்ற நொதிகளில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, பிளாஸ்க்கில் விட்டால், அப்புறம் சில நாளைக்கு ஒன்றுமே தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மிதக்கிற குப்பைதான் தெரியும். பிறகு ஒரு காலையில் பார்த்தால் அடியில் நீள நீளமாக, இரண்டு பக்கமும் கூர்மையாக நாலைந்து செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு மெஸ் சாப்பாடும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து வந்து இன்குபேட்டரைத் திறந்தால் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய மீடியா, அதாவது செல் வளரும் தீனித் திரவம், மஞ்சளாகி, கலங்கி, மேலே பஞ்சு கட்டியிருந்தது. ஒரு பிளாஸ்க்கில் வந்தால் பக்கத்தில் இருப்பதையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றுவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், செல் வளர்ப்பு என்பது நாள் கணக்கல்ல, வாரக் கணக்கு. பிளாஸ்டிக்கில் ஒட்டுகிறதா, செல்லின் மேற்பரப்பில் சிடி 73, 90, 105 ஆகிய அடையாளப் புரதங்கள் இருக்கின்றனவா, எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறுமா என்றெல்லாம் சோதித்த பிறகுதான் ஸ்டெம் செல் என்றே எழுத முடியும். எலும்பு பக்கம் திருப்ப மூன்று வாரம் தனி மீடியாவில் வைத்து அலிசரின் சாயம் ஊற்றுவோம், கால்சியம் படிந்த இடமெல்லாம் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எல்லா நோயாளிக்கும் பல் உறுதியாகிவிட்டது போல ஒரு சந்தோஷம் வரும். ஆனால் தட்டில் சிவப்பது ஒன்று, ஆயிரக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும் வாய்க்குள் நடப்பது வேறு.

இன்னொரு விஷயம், நாங்கள் செல்லுக்குக் கொடுத்த தீனியில் கன்றுக்குட்டிக் கருவின் சீரம் இருந்தது. ஆய்வுத் தட்டுக்கு அது சரி, அப்படி வளர்த்ததை அப்படியே மனிதருக்கு வைக்க முடியாது. மனிதருக்கு வைக்க வேண்டுமானால் மருந்து தயாரிக்கும் தரத்தில் தனிக்கூடம், ஒவ்வொரு கட்டத்திலும் கிருமிச் சோதனை, அனுமதி என்று வேறு உலகம். பல் கிளினிக்கின் பின்னறையில், ஏசி பெட்டிக்குக் கீழே நடக்கிற காரியமில்லை.

சரி, செல் எதற்கு இவ்வளவு முக்கியம்? 1976இல் டொரன்டோவைச் சேர்ந்த மெல்ச்சர் ஒரு கருத்தைச் சொன்னார்: ஈறுப் புண் ஆறும்போது எந்த வகைச் செல் முதலில் வந்து வேரை ஒட்டி உட்காருகிறதோ, அதைப் பொறுத்துதான் அங்கே என்ன உருவாகும் என்பது முடிவாகும். ஈறின் மேல்தோல் செல் விறுவிறுவென்று இறங்கிவிடும். லிகமென்ட் செல் மெதுவாகத்தான் ஏறும். நெல்லுக்கு முன்னால் களை முளைத்து இடத்தைப் பிடிப்பதைப் போலத்தான். அதனால் சாதாரணமாகச் சுத்தம் செய்து விட்டால் வேரை ஒட்டி நீளமாகத் தோல் மூடிக்கொள்ளும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த பை குறையும், ரத்தம் வடிவது நிற்கும், ஆனால் புதிய நாரும் எலும்பும் பெரிதாக வராது. அதுவும் நல்ல முடிவுதான், அதோடு பல ஆண்டுகள் பல் நிற்கும், மறுக்கவில்லை.

1982இல் ஸ்வீடனில் நைமன் குழுவினர், அந்த மேல்தோல் இறங்காதபடி வேருக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு வடிகட்டித் தாளைத் தடுப்பாக வைத்துத் தைத்தார்கள். ஒரு நோயாளியின் ஒரே ஒரு கீழ் முன்பல். மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லைச் சுற்றுத் திசுவோடு எடுத்து வெட்டிப் பார்த்தபோது புதிய சிமென்டமும் அதில் நார் செருகி நிற்பதும் தெரிந்தது. இன்றைக்கு நாங்கள் மெம்பரேன் வைக்கிறோம் என்று சொல்வதெல்லாம் அங்கிருந்து வந்தது. கவனியுங்கள், வெளியிலிருந்து ஒரு செல்லும் வைக்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த லிகமென்டில் இருக்கிற செல்லுக்கே வழி விட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு வெளியிலிருந்து வைத்தும் பார்த்தார்கள். டோக்கியோவில் இவாட்டா குழுவினர் நோயாளியின் சொந்த ஞானப்பல் போன்றவற்றிலிருந்து லிகமென்ட் செல்லை எடுத்து, அதைத் தாள் தாளாக வளர்த்து, மூன்று அடுக்காக வேரின்மேல் ஒட்டி, மீதிப் பள்ளத்தில் கால்சியம் பாஸ்பேட் துகள் போட்டார்கள். பத்து நோயாளிகள், 2018இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் பை ஆழம் சராசரியாக 3.2 மில்லிமீட்டர் குறைந்தது, எலும்பு 2.3 மில்லிமீட்டர் ஏறியது, மோசமான பக்கவிளைவு இல்லை. படிக்கும்போது புல்லரிக்கும். ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு கிடையாது. அவர்கள் முக்கியமாகப் பார்த்தது பாதுகாப்பானதா என்பதை.

ஒப்பிட்டுப் பார்த்தது சீனாவில், ஷியானில். 30 நோயாளிகள், 48 பற்கள். ஒரு குழுவுக்குச் சொந்த லிகமென்ட் செல் தாளும் மாட்டெலும்புத் துகளும் மெம்பரேனும், இன்னொரு குழுவுக்குச் செல் இல்லாமல் மற்றது எல்லாம். 2016இல் வெளியான முடிவு: இரண்டு குழுவிலும் எலும்பு ஏறியது, இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். ஏனென்றால் விளம்பரம் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. செல் வைத்த பல்லின் முன்-பின் எக்ஸ்ரேயைக் காட்டினால் யாருக்கும் அதிசயமாகத்தான் இருக்கும், பக்கத்தில் செல் வைக்காத பல்லின் எக்ஸ்ரேயையும் வைத்துக் காட்டினால்தான் விஷயம் புரியும்.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. இத்தாலியின் டுரினில் 29 பேரிடம், எப்படியும் எடுக்க வேண்டிய ஒரு பல்லின் கூழை அன்றைக்கே பொடியாக்கி கொலாஜன் பஞ்சில் வைத்துப் பள்ளத்தில் நிரப்பினார்கள். பஞ்சு மட்டும் வைத்த குழுவைவிட நல்ல முன்னேற்றம் கிடைத்தது. 2025இல் சீனாவிலிருந்து இன்னொன்று வந்தது: 132 நோயாளிகள், வேறொருவரின் பல்கூழ் செல்லை ஊசியாகப் போட்டது. நோய் முற்றிய மூன்றாம் கட்டத்தில் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடப் பலன் தெரிந்தது, அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். அறுவை இல்லாமல், ஊசியிலேயே என்பது பெரிய விஷயம், நான் ஆர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் அரை மில்லிமீட்டர் என்பது பை ஆழத்தை அளக்கும் புரோப் என்ற கம்பியை நான் பிடித்து அளப்பதற்கும் இன்னொருவர் பிடித்து அளப்பதற்கும் வரக்கூடிய வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிற அளவு. அதற்காக ஒருவர் நகையை அடகு வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

நகை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், ஒரு பெரிய ஊரில் கிளினிக் ஒன்றில் போய்ப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் தாளோடு வந்தார். கீழ்த்தாடை முழுக்க "ஸ்டெம் செல் தெரபி", ஒன்றரை லட்சம்.

"செல்ல எங்க இருந்து எடுக்கிறாங்கன்னு சொன்னாங்களாக்கா?"

"கையிலதான் டாக்டர். ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தி, அதுலருந்து ஸ்டெம் செல் பிரிச்சு அன்னிக்கே ஈறுல வச்சுருவாங்களாம்."

அது பி.ஆர்.எஃப்., அதாவது பிளேட்லெட் நிறைந்த ஃபைப்ரின் கட்டி. அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் என்பவர் எழுதி, உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் செய்வது. உறையாமலிருக்க மருந்து எதுவும் போடாத குழாயில் 10 மில்லி ரத்தம் எடுத்து, நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் சுற்றினால் மூன்றாகப் பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அடியில் சிவப்பணு, நடுவில் மஞ்சளாக நுங்கு பதத்தில் ஒரு கட்டி. அந்தக் கட்டியில் பிளேட்லெட்டுகளும் அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு, புண் ஆற நல்லது, நானே வைக்கிறேன். ரத்தத்தில் ஸ்டெம் செல் அறவே இல்லையா என்றால் மிகச் சொற்பமாக உண்டு, அவை ரத்தம் உண்டாக்குகிற வகை. சிமென்டமும் நாரும் உண்டாக்குகிற லிகமென்ட் செல் கையில் குத்தி எடுக்கிற ரத்தத்தில் வராது. பி.ஆர்.எஃப்.பை பி.ஆர்.எஃப். என்று சொல்லி அதற்கான காசை வாங்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதனால் நீங்கள் யாரிடம் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: செல் எந்தத் திசுவிலிருந்து வருகிறது, யார் வளர்க்கிறார்கள், எத்தனை நாள் ஆகும்? ரத்தம் என்றால் அது ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை. இப்போது புதிதாக எக்ஸோசோம் என்றும் ஒன்று, செல் வெளியே விடுகிற நுண்ணிய பொட்டலம், சுற்றுகிறது, அதற்கும் இதே கேள்விகள்தான்.

அந்த அக்காவுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் யாருக்கு எது வளரும், எது வளராது என்பது அதில் தெரியும். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் புரோப் விட்டு அளந்தோம். மூன்று மில்லிமீட்டர் வரை நல்ல ஈறு. அவருக்குக் கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் மட்டும் எட்டு போனது, எக்ஸ்ரேயில் அந்த இடத்தில் எலும்பு குறுகலாக, ஆழமாக, செங்குத்தாக இறங்கியிருந்தது. கீழ் முன்பற்களில் கதை வேறு. அங்கே எலும்பு எல்லாப் பல்லுக்கும் ஒரே மட்டமாகக் குறைந்திருந்தது. மேல்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரியும் இடத்தில் புரோப் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது, பல்லும் நன்றாக ஆடியது.

செங்குத்தாக இறங்கிய குழிதான் எங்களுக்கு வேண்டும். மூன்று பக்கமும் எலும்புச் சுவர் நிற்கிற குழியில் ரத்தக்கட்டி அசையாமல் நிற்கும், சுற்றிலுமிருந்து செல் இறங்க வழி இருக்கும். ஒரே மட்டமாகப் போன எலும்பை மேலே ஏற்றுவது இன்றுவரை நம்பிக்கையாகச் செய்ய முடியாத வேலை, செல் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. மேலே சொன்ன ஆய்வுகளிலும் பெரும்பாலும் இந்த மாதிரிக் குழிகளைத்தான் பொறுக்கி எடுத்துச் செய்தார்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இருப்பதோ மட்டமாகக் குறைந்த எலும்பு. எனவே எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு எந்தப் பல்லில் குழி, எத்தனை சுவர் இருக்கிறது" என்று கேளுங்கள். மொத்தத் தாடைக்கும் ஒரே விலை சொல்கிற இடத்தில் யாரும் குழியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. அவருக்கு மூன்று மாத சுகர் ஒன்பதுக்கு மேல் இருந்தது. ஏழுக்கு மேலே இருந்தாலே ஈறு நோய் வேகமாகப் போகும் வகையில் சேர்த்துவிடுகிறோம், புண் ஆறுவதும் மந்தம். சுகர் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, இங்கே மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்தோம். வீட்டில் அவர் பல்லிடுக்கைத் தென்னை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் இது சகஜம். அதை விடச் சொல்லி, பல்லிடுக்கு பிரஷ் இரண்டு அளவில் கொடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து எந்த இடுக்குக்கு எது என்று அவரையே போட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் சலித்துக்கொண்டார். "இதுக்கா டாக்டர் இவ்ளோ தூரம் படிச்சீங்க" என்று சிரித்தார். மறுபடி அளந்தபோது பெரும்பாலான பைகள் நாலு, மூன்று என்று வந்துவிட்டன. இந்தக் கட்டத்திலேயே பாதிப் பேருக்கு "ஸ்டெம் செல்" தேவையில்லாமல் போய்விடும் என்பதுதான் நான் பார்த்தது. எட்டு போன இடம் மட்டும் ஏழில் நின்றது.

அங்கே ஃபிளாப் சர்ஜரி செய்தோம். ஈறைத் திறந்தால் குழி முழுக்கக் கருஞ்சிவப்பில் நெகுநெகுவென்று, அழற்சியில் வளர்ந்த கிரானுலேஷன் திசு, லேசாகத் தொட்டாலே ரத்தம். அதை முழுசாக வழித்து எடுத்த பிறகுதான் வேரின்மேல் கருப்பாக ஒட்டியிருக்கும் பற்காரை கண்ணுக்குத் தெரியும். அந்தக் காரை ஒரு துளி மிச்சமிருந்தாலும் அதன் மேல் எந்தச் செல்லும் ஒட்டாது, அதனால் சர்ஜரியில் பாதி நேரம் இதற்குத்தான் போகிறது, செல் தாள் ஒட்டிய ஜப்பான்காரர்களுக்கும் இப்படித்தான் போயிருக்கும். குழியைச் சுத்தமாகப் பார்த்தால் மூன்று சுவரும் நின்றன. டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கியில் பதப்படுத்திய எலும்புத் தூளை பி.ஆர்.எஃப். கட்டியோடு கலந்து நிரப்பி, மேலே பி.ஆர்.எஃப்.பையே அமுக்கிச் சவ்வாக்கி மூடித் தைத்தோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை இங்கே. எலும்புத் தூள் எதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மனித எலும்பு, மாட்டெலும்பு, செயற்கையானது என்று எல்லா வகையும் உண்டு. எம்டோகெயின் என்று ஒரு ஜெல் உண்டு, லிகமென்ட் வளர்வதற்கு நல்ல பெயர் எடுத்தது, 1996லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது பன்றியின் பல் முளையிலிருந்து எடுக்கிற புரதம். மதத்தாலோ உணவுப் பழக்கத்தாலோ வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு வழி இருக்கிறது. சர்ஜரி முடிந்த பிறகு தெரிந்து ஒருவர் மனசு கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தையல் பிரித்த பிறகும் அந்த இடத்தில் ஆறு மாதம் புரோப் விடக்கூடாது, புதிதாகப் பிடித்து வருகிற நாரைக் குத்திக் கெடுத்துவிடும். ஆவலில் "எவ்வளவு வந்திருக்கு பாருங்க" என்று நோயாளி கேட்பார், டாக்டர் பார்க்க மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவுக்கு ஆறு மாதம் தாண்டி அளந்தபோது ஏழு நாலாகியிருந்தது, எக்ஸ்ரேயில் குழி இருந்த இடம் வெளுத்து நிரம்பியிருந்தது. உள்ளே வந்தது முறையான நாரும் சிமென்டமுமா, இல்லை எலும்பும் தோலுமா என்று பல்லைப் பிடுங்கி வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அவரும் சம்மதிக்க மாட்டார், எனக்கும் தேவையில்லை, அவர் அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கிறார். முன்பற்களில் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. அதில் அவருக்குக் குறை உண்டு, வரும்போதெல்லாம் சொல்வார். மேல்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வருகிறார், ஒரு தடவை கடையில் ஆள் இல்லை என்று தள்ளிப்போட்டபோது இரண்டு இடத்தில் ரத்தம் வடிய ஆரம்பித்திருந்தது.

இதற்கெல்லாம் ஆன செலவு அந்த எஸ்டிமேட்டில் ஒரு சிறு பங்கு. அதுவும் முடியாதவர்கள் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், தனியார் பல் கல்லூரிகளிலும் பெரியோ பிரிவில் பி.ஜி. மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் ஃபிளாப் சர்ஜரி குறைந்த காசில் செய்கிறார்கள். நேரம் அதிகம் எடுக்கும், ஒரு புரொஃபசர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை வாயைத் திறந்தபடி காத்திருக்க வேண்டும். ஆனால் அளவுகளை முழுசாக எழுதுவார்கள், எக்ஸ்ரே எல்லாம் ஒழுங்காக எடுப்பார்கள், கேஸ் ஷீட் அவர்களுக்கு மார்க் ஆயிற்றே.

விதிமுறை என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி ஏற்கப்பட்ட சில சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஈறு அந்த ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும், அதை இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிக்ஸ் கமிட்டியோடு, ஸ்டெம் செல்லுக்கென்றே தனிக் கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும். பிளாஸ்க்கில் வளர்த்த எங்களுக்கே அந்தக் கமிட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையை அவர்கள் இலவசமாகப் பார்க்க வேண்டும். முக்கியமாக, சோதனையில் இருக்கிற சிகிச்சைக்கு உங்களிடம் காசு வாங்கக்கூடாது. "ஆய்வுதான், ஆனா சலுகை விலை" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாக, பால் பல். குழந்தையின் பால் பல்லைச் சேமித்து வைத்தால் பின்னால் ஈறு, எலும்பு, இதயம் எல்லாவற்றுக்கும் உதவும் என்று வருடச் சந்தா கேட்கிறார்கள் என்று இளம் அம்மாக்கள் வந்து கேட்கிறார்கள். பால் பல் கூழில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை, 2003இலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அதே 2017 நெறிகளில், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிரப் பல் உட்பட மற்றவற்றை வணிகமாகச் சேமிப்பதற்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. போதாக்குறைக்குக் கூழ் உயிரோடு இருக்கும்போது எடுத்தால்தான் செல் கிடைக்கும். தானாக ஆடி விழுந்து, இரண்டு நாள் பென்சில் டப்பாவில் கிடந்த பல்லில் ஒன்றும் இருக்காது. போன வாரம் ஒருவர் அப்படி ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இத என்ன டாக்டர் பண்றது" என்றார். கூட வந்த பாட்டி, "சாணியில வச்சு கூரைமேல போடச் சொன்னேன், கேக்க மாட்டேங்குறா" என்றார். பாட்டி சொன்னபடியே செய்யச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் முளைத்திருந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லில் சொத்தை தொடங்கியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பினேன்.